கோபுரம் வேண்டாம், திண்ணை போதும்

வண்டூருக்கு வருகிறவர்களில் வண்டூரைப் பார்க்க வருகிறவர்கள் குறைவு. தெற்கு அந்தமானின் மேற்குக் கரையில், தலைநகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இந்தச் சிற்றூர் ஒரு வாசல். 1983-ல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குப் போக இங்கே தான் படகு ஏற வேண்டும். 15 தீவுகளும் சுற்றியுள்ள கடலுமாக 281 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பூங்கா. பயணிகளுக்குத் திறந்து விடுவது ஜாலிபாய், ரெட்ஸ்கின் என்ற இரண்டு தீவுகளை மட்டும் தான். அதுவும் ஒரு பருவத்தில் ஒன்று, மறு பருவத்தில் மற்றொன்று. பவளப் பாறைகளுக்கும் ஓய்வு வேண்டியிருக்கிறது.

படகுத் துறையில் நடப்பதைச் சிறிது நேரம் நின்று பார்க்கலாம். பைகளைத் திறக்கச் சொல்கிறார்கள். பிளாஸ்டிக் பை, சிப்ஸ் பாக்கெட், குடித்து விட்டு எறியும் தண்ணீர் பாட்டில் எல்லாம் கரையிலேயே தங்கிவிட வேண்டும். தண்ணீர் வேண்டுமென்றால் முன்பணம் கட்டி, திருப்பித் தர வேண்டிய பாட்டிலில் எடுத்துப் போகலாம். முணுமுணுப்பவர்கள் உண்டு. ஆனால் படகில் உட்காரும்போது எல்லோருடைய கைகளும் ஏறக்குறைய காலி. குரல்களும் சற்றுத் தணிந்திருக்கும். போகிற இடம் மற்றக் கடற்கரைகளைப் போல இல்லை என்பது யாரும் பிரசங்கம் செய்யாமலே புரிந்துவிடுகிறது. பக்கத்தில் பவளங்களையும் மீன்களையும் பற்றிச் சொல்ல வனத்துறையின் விளக்கக் கூடம் ஒன்று இருக்கிறது. இங்குள்ள கட்டடம் எதற்கும் யாரும் விருது கொடுக்கப் போவதில்லை. ஆனால் ஒரு வாசல் செய்ய வேண்டிய வேலையை வண்டூர் செய்கிறது.

இதே பயணிகளில் பலர் அன்று மாலையே இன்னொரு வாசலில் வரிசையில் நிற்பார்கள். "காலையில ஜாலிபாய், சாயங்காலம் ஜெயில், ராத்திரி லைட் ஷோ. ஒரே நாள்ல முடிச்சிடலாம் சார்" என்பது டாக்சி ஓட்டுபவர்கள் வாயில் மனப்பாடமாக இருக்கும் திட்டம். செல்லுலர் சிறையைத் தான் அவர்கள் அவ்வளவு சுருக்கமாக 'ஜெயில்' என்கிறார்கள். (செல்லுலர் என்றதும் கைபேசியை நினைக்கும் தலைமுறை வந்துவிட்டது. 'செல்' என்றால் ஒற்றை ஆளை அடைக்கும் கொட்டடி. தனிக்கொட்டடிச் சிறை என்று முதலிலேயே தமிழாக்கியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. இனி மாற்ற முடியாது.)

அங்கே நிலைமை வண்டூருக்கு நேர்மாறு. கடலை ஒட்டிய மேட்டின் மேல் 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்த சிறை அது. அன்றைய நிர்வாகக் கட்டடம் தான் இன்றைக்கும் முகப்பு. காட்சிக் கூடங்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. வெள்ளைக்கார ஜெயிலர் கைதியை உள்ளே வாங்கிய அதே வாசலில் தான் நாமும் நுழைகிறோம். வெளியே ஆட்டோ, இளநீர், தொப்பி வியாபாரம். நான்கு எட்டு வைத்தால் உள்ளே. தெருவுக்கும் சிறைக்கும் நடுவில் மூச்சு விட ஓர் இடம் கிடையாது. தெருவில் பேசிக்கொண்டிருந்த பேச்சு முற்றத்திலும் தொடர்கிறது. கொட்டடிக் கம்பியைப் பிடித்துக் கொண்டு சிரித்தபடி போட்டோ எடுத்துக் கொள்கிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் எங்கே வந்திருக்கிறார்கள் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

செல்லுலர் சிறைக்கு ஒரு நுழைவுக் கட்டடம் வேண்டும். புதிதாக, இந்தக் காலத்துக் கட்டடமாக, பழைய வாசலுக்கு வெளியே. இதைச் சொன்னால் இரண்டு தரப்பிலிருந்தும் அடி விழும் என்று தெரியும். தேசிய நினைவுச் சின்னத்தின் முன்னால் புதுக் கட்டடமா என்று ஒரு தரப்பு கேட்கும். கட்டுவது தான் கட்டுகிறோம், கப்பலிலிருந்து பார்த்தாலே தெரியும்படி பிரமாண்டமாகக் கட்டலாமே என்று மற்றத் தரப்பு கேட்கும். இரண்டாவது தரப்பிடம் தான் எனக்குப் பயம் அதிகம்.

பழைய வளாகத்துக்குப் புதிய வாசல் என்பது உலகத்தில் பல இடங்களில் சண்டை போட்டுத் தீர்த்த விஷயம். பாரிஸின் லூவர் அரண்மனை 1793-ல் அருங்காட்சியகமானது. இருநூறு ஆண்டுகள் கழித்து அதன் நடு முற்றத்தில் கண்ணாடிப் பிரமிடு ஒன்றை வைக்கப் போகிறார்கள் என்றதும் பிரெஞ்சுக்காரர்கள் கொதித்தார்கள். அதிபர் மித்தரானை எகிப்திய பாரோ மன்னர் என்று கிண்டல் செய்தார்கள். வடிவமைத்த ஐ.எம். பெய் சீனாவில் பிறந்த அமெரிக்கர் என்பதும் எரிச்சலைக் கூட்டியது. 1989-ல் திறந்த பிறகு கோபம் மெல்ல அடங்கியது. காரணம் பிரமிடின் அழகு மட்டுமில்லை. 21 மீட்டர் உயரக் கண்ணாடி மேலே தெரிகிறதே தவிர, வேலை நடப்பது தரைக்குக் கீழே. டிக்கெட், கழிப்பறை, பை வைக்கும் இடம், மூன்று பக்கத்துக் கட்டடங்களுக்கும் பிரியும் வழி எல்லாம் நிலத்தடியில். பழைய அரண்மனையின் சுவரில் ஒரு கவுண்டரும் முளைக்கவில்லை.

ஆனால் வாசலுக்கும் கொள்ளளவு உண்டு. ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் பேருக்காகத் திட்டமிட்ட அந்த வழியில் 2018-ல் ஒரு கோடிக்கு மேல் நுழைந்தார்கள். 2025 ஜனவரியில் அதிபர் மக்ரோன் அரண்மனையின் கிழக்குப் பக்கத்தில் இன்னொரு வாசல் திறக்கப் போவதாக அறிவித்தார். பிரமிடுக்கு வயது 36 கூட ஆகவில்லை.

பெர்லின் நகரத்துக் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். அங்கே ஆற்றின் நடுவில் ஒரு தீவில் ஐந்து அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. 1830-லிருந்து 1930 வரை நூறு ஆண்டுகளில் ஒவ்வொன்றாகக் கட்டியவை. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நுழைவுக் கட்டடம் வேண்டும் என்று முடிவானதும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் டேவிட் சிப்பர்ஃபீல்டு முதலில் கண்ணாடிப் பெட்டிகளை அடுக்கிய மாதிரி ஒரு திட்டம் கொடுத்தார். ஊரே எதிர்த்தது. அவர் கோபித்துக் கொண்டு போகவில்லை. பக்கத்தில் 19-ம் நூற்றாண்டுக் கட்டடத்தை ஒட்டி ஓடும் தூண் வரிசையைப் பார்த்தார். அதையே மெல்லியதாக்கி, அலங்காரத்தையெல்லாம் உரித்துவிட்டு, வெள்ளைத் தூண்களாக நிறுத்தி 2007-ல் வேறு திட்டம் கொண்டு வந்தார். சேற்று நிலத்தில் அஸ்திவாரம் போடவே படாத பாடு பட்டார்கள். 13 கோடி யூரோவுக்கு மேல் செலவாகி, 2019 ஜூலையில் திறந்தார்கள்.

அவ்வளவு பணம் கொட்டிக் கட்டிய கட்டடத்தில் நிரந்தரமாகப் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது தான் வேடிக்கை. டிக்கெட், காப்பிக் கடை, புத்தகக் கடை, ஓர் அரங்கம், தற்காலிகக் கண்காட்சிக்கு ஓர் இடம், அகலமான படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில் சும்மா உட்கார்ந்திருக்க டிக்கெட் தேவையில்லை. கட்டடத்துக்கு ஜேம்ஸ் சைமன் என்ற வணிகரின் பெயரை வைத்திருக்கிறார்கள். நெஃபர்தீத்தி அரசியின் புகழ் பெற்ற சிலை உட்படப் பெரும் செல்வத்தை நகரத்துக்குக் கொடையாக அளித்தவர். யூதர் என்பதால் நாஜிகள் அவர் பெயரை மறைத்தார்கள். அதை நுழைவாயிலிலேயே திருப்பி எழுதிவிட்டார்கள். வாசலில் எந்தப் பெயர் இருக்கிறது என்பது சாதாரண விஷயமில்லை.

நம் ஊரில் வாசல் என்றால் கோபுரம். திருவரங்கத்தில் நாயக்கர் காலத்திலிருந்து பாதியில் நின்று, மொட்டைக் கோபுரம் என்றே பெயர் வாங்கிவிட்ட தெற்கு வாசலை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் மேல் 13 நிலைகள் எழுப்பி 1987-ல் குடமுழுக்கு செய்தார்கள். 236 அடி உயரம். பழம் பெரும் வளாகத்துக்கு நம் காலத்தில் கட்டிய நுழைவாயில் என்று கணக்குப் போட்டால் லூவர் பிரமிடுக்கு இரண்டு வயது மூத்தது. இங்கே யாரும் கொதிக்கவில்லை. கோபுரத்தின் இலக்கணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வெளி மதிலுக்குப் போகப் போக வாசல் உயர வேண்டும், தூரத்திலிருந்து வருகிறவனைக் கூப்பிட வேண்டும். கோயிலுக்கு அது சரி. கூப்பிடுவது தான் அங்கே வேலை.

இந்த இலக்கணத்தை எல்லா இடத்துக்கும் நீட்டுவதில் தான் சிக்கல். அரசாங்கக் கட்டடமா, வாசலில் ஒரு தோரண வளைவு. நினைவிடமா, வானத்தைத் தொடுகிற தூண். போராட்டத்தின் நினைவிடம் என்றால் உடைந்த சங்கிலி, உயர்ந்த கை, கம்பி வடிவ ஜன்னல். 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்தில் இந்த மாதிரி கூச்சல் இல்லை. செட்டிநாட்டு வீட்டின் பாணியில் அடக்கமாகவே கட்டியிருக்கிறார்கள். முற்றமும் நிழலும் இதமானவை. ஆனாலும் 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு செங்கல் நகரத்தின் வாசலில் நேற்றைய நகரத்தார் வீட்டின் முகம் ஏன் என்ற கேள்வி எனக்குத் தீரவில்லை. பழமை என்றால் எல்லாப் பழமையும் ஒன்று தானா?

டில்லியில் ஹுமாயூன் கல்லறைக்கு 2024 ஜூலையில் திறந்த புது அருங்காட்சியகம் வேறு வழியில் யோசித்தது. கல்லறைத் தோட்டத்தையும் பக்கத்து சுந்தர் நர்சரியையும் நிஜாமுதீன் பகுதியையும் இணைக்கும் அந்தக் கட்டடத்தைத் தரைக்குள் இறக்கிவிட்டார்கள். வடநாட்டுப் படிக்கிணறு தான் முன்மாதிரி. மாடத்தின் குவிமாடத்தோடு போட்டி போட வேண்டாம் என்ற அடக்கம் அதில் தெரிகிறது.

அந்தமானில் தரைக்குள் இறங்க முடியாது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. போதாததற்கு நிலநடுக்க ஆபத்து மிக அதிகமான பகுதி. வண்டூர்ச் சாலையில் சிப்பிகாட் என்ற இடத்தைக் கடந்து தான் வர வேண்டும். 2004 டிசம்பர் 26-ல் இந்தப் பக்கத்து நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்கிவிட்டது. சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களில் புகுந்த கடல் திரும்பிப் போகவே இல்லை. இந்த மண்ணில் எதையும் கட்டுகிறவர்கள் முதலில் அங்கே ஒரு மணி நேரம் நிற்க வேண்டும்.

கோபுரமும் வேண்டாம், நிலவறையும் ஆகாது என்றால் வேறு என்ன? பதில் நம் தெருவிலேயே இருந்தது. பழைய வீடுகளின் திண்ணை. வழிப்போக்கன் மூட்டையை இறக்கி வைத்து, ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்து, காலைக் கழுவிக் கொண்டு, வந்த காரியத்தைச் சொல்லும் இடம். அதைத் தாண்டி இருட்டான குறுகிய ரேழி. அதில் நாலு எட்டு நடக்கும்போது வெயில் கூசிய கண் பழகிவிடும். அப்புறம் தான் முற்றம். திண்ணை வீட்டைவிட உயரமாக இருந்ததில்லை. வீட்டுக்காரரின் பெருமையைத் திண்ணை பேசியதில்லை. ஆனால் திண்ணை இல்லாத வீட்டில் செருப்புக் காலோடு தெருவே உள்ளே வந்துவிடும். அந்தச் சிறையின் வாசலில் இன்று நடப்பது அது தான்.

அந்த வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் நினைவுபடுத்திக் கொள்ள வேண்டும். நடுவில் ஒரு காவல் கோபுரம். அதிலிருந்து சைக்கிள் சக்கரத்தின் ஆரங்களைப் போல ஏழு சிறகுகள். மூன்று தளங்களில் ஏறத்தாழ 700 கொட்டடிகள். ஒவ்வொன்றும் 13.5 அடி நீளம், 7.5 அடி அகலம். ஒரு சிறகின் கதவுகள் அடுத்த சிறகின் முதுகைப் பார்த்திருக்கும். எதிரே இன்னொரு மனித முகம் தெரியக் கூடாது என்பதற்காகவே போட்ட கணக்கு. 1933-ல் அங்கே உண்ணாவிரதம் இருந்த அரசியல் கைதிகளுக்குக் கட்டாயமாகக் குழாய் வழியே உணவு செலுத்தினார்கள். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோஹித் மொய்த்ரா ஆகிய மூவர் இறந்தார்கள்.

சாதாரண அருங்காட்சியகத்தில் கட்டடம் ஒரு பெட்டி. உள்ளே இருக்கும் பொருள் தான் முக்கியம். இங்கே காட்சிப் பொருளே கட்டடம் தான். லூவரில் ஓவியத்தை வேறு சுவரில் மாட்டலாம். இங்கே ஒரு ஜன்னலைப் பெரிதாக்கினாலும் சாட்சியைக் கலைத்ததாகிவிடும். மின் கம்பி, குளிர்சாதனம், கழிப்பறைக் குழாய், சோதனை இயந்திரம், சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை எல்லாமே தேவை தான். இவற்றையெல்லாம் பழைய சுவரின் தலையில் கட்டாமல் தாங்கிக் கொள்ள ஒரு வேலைக்கார வீடு வேண்டும் என்பதே என் வாதம்.

இன்னொரு விஷயம். இன்று பார்க்கிறவருக்குத் தெரிவது மூன்று சிறகுகள் மட்டும். 1941 ஜூனில் நடந்த நிலநடுக்கமும், 1942 முதல் 1945 வரை தீவைப் பிடித்து வைத்திருந்த ஜப்பானியரும் கொஞ்சம் அழித்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமே கொஞ்சம் இடித்தோம். விடுதலையாகி உயிரோடு இருந்த முன்னாள் கைதிகள் எதிர்த்துப் போராடியிராவிட்டால் இந்த மூன்றும் தப்பியிருக்காது. 1979 பிப்ரவரி 11-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அதை தேசிய நினைவுச் சின்னமாக அர்ப்பணித்தார். வளாகத்தின் இன்னொரு பகுதியில் 1963-லிருந்து கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை நடக்கிறது. தீவுகளின் முக்கியமான ஆஸ்பத்திரி. கார் நிக்கோபாரிலிருந்தும் டிக்லிபூரிலிருந்தும் நோயாளிகள் வருகிற இடம். அதைப் பெயர்த்து எறியுங்கள் என்று ஊரில் உட்கார்ந்து கொண்டு எழுதுவது எளிது. பிரசவ வலியோடு படகில் வந்து இறங்கும் பெண்ணிடம் அதைச் சொல்ல முடியுமா?

ஆனால் காணாமல் போன நான்கு சிறகுகளைக் காட்டாமல் மூன்றைக் காட்டினால் பார்வையாளர் ஒரு வேறு கட்டடத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார். ஏழு ஆரம் இருந்தால் அது சக்கரம், நடுவில் ஒரே ஒரு காவலாளி எல்லாப் பக்கமும் பார்க்கிற யந்திரம். மூன்று இருந்தால் நீளமான பழைய கட்டடம், அவ்வளவு தான். புதிய நுழைவுக் கட்டடம் ஒன்றே ஒன்றைக் காட்சிக்கு வைக்கலாம் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: தரையில் பதித்த ஏழு சிறகுகளின் வரைபடம், ஆட்கள் மேலே நடந்து போகிற அளவுக்குப் பெரிதாக. இருப்பவை ஒரு நிறம், போனவை ஒரு நிறம், ஆஸ்பத்திரி எங்கே நிற்கிறது என்பதும் மறைக்காமல். அதோடு ஒரு கொட்டடியின் அளவில் ஒரு கோடு. பதின்மூன்றரைக்கு ஏழரை. ஒரு குடும்பம் அந்தக் கோட்டுக்குள் நின்று பார்த்துவிட்டு உள்ளே போகட்டும்.

சிறைக்கு முந்திய கதையும் வாசலில் தான் சொல்லப்பட வேண்டும். 1858 மார்ச்சில் முதல் 200 கைதிகள் கப்பலில் வந்து இறங்கியபோது சிறை இல்லை. தீவே சிறை. அடுத்த ஆண்டு மே மாதம் தங்கள் காட்டை மீட்க அபர்தீன் என்ற இடத்தில் மோதிப் பார்த்து மாண்டவர்கள் அந்தமானின் ஆதிகுடிகள். பிறகு 1921 மலபார்க் கலகம். அதில் தண்டனை பெற்ற மாப்பிளாமார் பலர் இங்கே அனுப்பப்பட்டார்கள், குடும்பங்களும் வந்து சேர்ந்தன. காடு வெட்டிக் குடியேறியவர்கள் ஊர்களுக்குச் சொந்த மண்ணின் பெயர்களையே வைத்தார்கள்: மஞ்சேரி, நிலம்பூர், கள்ளிக்கோட்டை. வண்டூரும் அப்படி வந்த பெயர் தான். மலப்புரம் மாவட்டத்தில் மூல வண்டூர் இன்றும் இருக்கிறது. பயணிகள் பவளம் பார்க்கப் படகேறும் ஊரின் பெயர்ப் பலகையே நாடு கடத்தப்பட்டவர்களின் கல்வெட்டு. சிறையைப் பார்த்துவிட்டுப் போகிற எத்தனை பேருக்கு அது தெரியும்?

யாருடைய பெயர், யாருடைய வாசகம் என்ற சண்டை வராமல் இருக்காது. 2004-ல் சிறை வளாகத்துச் சுடரின் பக்கத்தில் சாவர்க்கர் வாசகம் பொறித்த பலகை ஒன்றை அகற்றியபோது நாடாளுமன்றமே அமளிப்பட்டது. ஆட்சி மாறினால் பலகை மாறும். அதனால் தான் நுழைவுக் கட்டடத்தில் மேற்கோள்களே வேண்டாம் என்று நினைக்கிறேன். கைதிகளின் பட்டியல் போதும்; பெயர், ஊர், வந்த ஆண்டு, போன ஆண்டு. பல பெயர்களுக்கு நேரே கடைசிக் கட்டம் காலியாக இருக்கும்.

எந்த மொழியில் என்பது மொழிபெயர்ப்பை வைத்துப் பிழைப்பவனின் கேள்வி. 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் வங்காளத்துக்கும் இந்திக்கும் அடுத்தபடியாக அதிகம் பேருக்குத் தாய்மொழி தமிழ். நூற்றில் 15 பேர். அடுத்து தெலுங்கு. சென்னையிலிருந்து விமானத்தில் வருகிறவர்கள் தனி. இந்தியும் ஆங்கிலமும் போதும் என்று நினைக்கிறவர்கள் அபர்தீன் பஜாரில் ஒரு சாயங்காலம் காது கொடுத்துக் கேட்கட்டும். தமிழில் எழுதும்போது தயவு செய்து 'விளக்கவுரை மையம்' என்று எழுத வேண்டாம். 'முன்கூடம்' என்றால் போதும். வந்தவருக்குப் புரியும்.

இப்போது இதெல்லாம் அவசரமா என்று கேட்கலாம். தீவுகளுக்கே ஒரு புது நுழைவுக் கட்டடம் வந்துவிட்டது. 2023 ஜூலையில் திறந்த விமான நிலைய முனையம், சிப்பி வடிவக் கூரை, சுமார் 710 கோடி ரூபாய், ஆண்டுக்கு 50 லட்சம் பயணிகளைக் கையாளும் வசதி. 2011-ல் தீவுகளின் மொத்த மக்கள்தொகை 3 லட்சத்து 80 ஆயிரம். அந்த 50 லட்சத்தில் வருகிறவர், போகிறவர், உள்ளூர்க்காரர் எல்லாம் அடக்கம் என்று கழித்தாலும் மிச்சம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு வாசலுக்குத் தான் போவார்கள். அது சிறை வாசல். பெரிய வாசலை முதலில் கட்டிவிட்டு உள் வாசலை 1906-ல் விட்டு வைத்திருக்கிறோம். 2014-லிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சிறையின் பெயர் இருக்கிறது. அது உறுதியானால் கூட்டம் இன்னும் ஏறும். அப்போது அவசரமாக ஒரு டெண்டர் விட்டு, தகரக் கொட்டகையோ சங்கிலி உடைக்கும் கை வடிவத்தில் ஒரு கான்கிரீட் மலையோ முளைக்கும்.

அதற்கு முன்னால் ஒரு நல்ல போட்டி நடத்தலாம். நிபந்தனைகள் அதிகம் வேண்டாம். உயரம் பழைய முகப்பின் மாடிக்குக் கீழே நிற்க வேண்டும். சிவப்புச் செங்கல் வேண்டாம். பழையதைப் போல நடிக்கிற கட்டடம் பத்து ஆண்டுகளில் பழையதாகவே எண்ணப்பட்டுவிடும், சாட்சியத்தில் அது கலப்படம். மரம் இந்தத் தீவின் மொழி. சாத்தம் தீவில் 1883-லிருந்து மரம் அறுக்கிறார்கள், படாக் மரத்தைத் தெரிந்த தச்சர்கள் இங்கே இருக்கிறார்கள். நிலம் ஆடினால் கூட ஆடிக் கொடுக்கும் மரச் சட்டமும், இரண்டு பருவ மழையையும் தள்ளி விடும் அகலமான தாழ்வாரமும் போதும். கடற்காற்று இருக்கிற இடத்தில் குளிர்சாதனம் எதற்கு? உட்கார நீளமான பெஞ்சுகள். தண்ணீர். சுத்தமான கழிப்பறை, இதைக் கடைசியில் சேர்க்காமல் முதல் வரைபடத்திலேயே போட வேண்டும். பைகளை வாங்கி வைத்துக் கொள்ளட்டும், வண்டூரில் வாங்குகிற மாதிரி. கடையும் காப்பியும் ஐஸ்கிரீமும் இங்கேயே முடியட்டும், பழைய வாசலுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் கூடாது. இங்கிருந்து பழைய வாசல் வரை கூரை இல்லாமல் கொஞ்ச தூரம் நடக்க வைக்க வேண்டும். மழையானால் நனையட்டும், குடை கொடுக்கலாம்.

இடம் எங்கே என்பது தான் கடினம். சிறைக்கு எதிரே பூங்கா, ஒரு பக்கம் ஆஸ்பத்திரி, மறு பக்கம் சரிந்து கடலுக்கு இறங்கும் மேடு. ஆம்புலன்ஸ் போகிற பாதையில் சுற்றுலா பஸ் நிற்கக் கூடாது. மேட்டின் விளிம்பில் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்று தெரிய வேண்டும். அளவெடுக்க ஆளை அனுப்புகிறவர்கள் ஜனவரியில், சுற்றுலாப் பருவத்தின் நல்ல வெயிலில், அனுப்பாமல் இருந்தால் நல்லது. ஜூலையில் வரட்டும்.